அடைமழையில் குட்டி போடும் செம்மறிகள்: புதிதாகப் பட்டி வைத்திருப்பவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிறக்கும் செம்மறிக் குட்டிகளை அதிகமாகக் கொல்வது குளிரும் பசியும்தான். சாவில் பெரும்பங்கு பிறந்த முதல் 3 நாளுக்குள் நடந்து முடிந்துவிடும். தாயின் வயிற்றுக்குள் 102, 103 டிகிரி சூட்டில் கிடந்த குட்டி, நனைந்த உடம்போடு ஈரத்தரையில் வந்து விழுகிறது. பிறக்கும்போது அதன் உடம்பில் இருக்கும் கொழுப்பு சுமார் 5 மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் உடம்பு காய்ந்து, வயிற்றில் சீம்பால் இறங்கிவிட்டால் குட்டி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே முதல் சில மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும், அதற்கு முந்தைய ஆறேழு வாரத்தில் எதைத் தயார் செய்ய வேண்டும் என்பதையே இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

நாள் கணக்கு

செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகலாம். ஜூன் 20 அன்று கிடா சேர்ந்த ஆடு நவம்பர் 14 வாக்கில், வடகிழக்கு மழை வலுத்து நிற்கும்போது குட்டி போடும். செப்டம்பர் 20 அன்று சேர்ந்தால் பிப்ரவரி 14 ஆகிவிடும், மழை ஓய்ந்திருக்கும். கொட்டகை சரியில்லாதவர்கள், முதல் வருடம் ஆடு வளர்ப்பவர்கள், கிடாவை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தனியாகக் கட்டி வைப்பது நல்லது. கிடாவை வருடம் முழுக்க மந்தையோடு விட்டுவிட்டால் எந்த ஆடு எப்போது ஈனும் என்று தெரியாது. நடுராத்திரி மழையில் குட்டி கிடப்பது விடிந்துதான் தெரியவரும்.

மழையில்தான் ஈனப் போகிறது என்றால், கிடா சேர்ந்த தேதியை ஒரு நோட்டில் எழுதி, ஆட்டின் காது எண்ணைப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

கடைசி 6 வாரம்: தீவனம்

வயிற்றில் குட்டி பெரிதாவது கடைசி ஆறு வாரத்தில்தான். அதே நேரத்தில் குட்டியும் கருப்பையும் குடலை நெருக்குவதால் ஆடு தின்னும் அளவு குறைகிறது. மழை விடாமல் பிடித்தால் மேய்ச்சலும் நின்றுபோகும். இரண்டு நாள் வயிறு காய்ந்தாலே சினை ஆட்டுக்கு ஆபத்து. அதனால் மழைக்கு முன்பே கடலைக்கொடி, சோளத்தட்டை போன்ற உலர்தீவனத்தை நனையாத இடத்தில் அடுக்கி வையுங்கள். அகத்தி, சவுண்டல், வேலிமசால் கிடைத்தால் வெட்டிப் போடலாம்.

அடர்தீவனம் கடைசி 45 நாளுக்குத் தினம் 250 முதல் 300 கிராம் வேண்டும். மக்காச்சோளம் 40 பங்கு, தவிடு 32, கடலைப் புண்ணாக்கு 25, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 என்று அரைத்துக் கலந்துகொள்ளுங்கள். முதல் நாளே 300 கிராம் வைக்காதீர்கள். 100 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். திடீரென்று தானியம் அதிகமானால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு படுத்துவிடும்.

ஆட்டின் உடல்நிலையைக் கையால் பார்க்க வேண்டும். இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டுங்கள். எலும்பு முனைகள் கூராகக் குத்தினால் ஆடு மெலிவு. அழுத்திப் பார்த்தாலும் எலும்பு தட்டுப்படாவிட்டால் கொழுப்பு அதிகம். அழுத்தினால் மட்டும் வழவழப்பாகத் தட்டுப்படுவது சரியான நிலை. மெலிந்த ஆடு, மிதமிஞ்சிக் கொழுத்த ஆடு, இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு ஆகிய மூன்றுக்கும் ஈனும் முன்பு ஒரு கோளாறு வரக்கூடும். மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும், தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பும், கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், பல்லைக் கடிக்கும், மூச்சில் ஒரு இனிப்பு வாடை அடிக்கும். உடம்பில் சர்க்கரை தீர்ந்துபோய், கொழுப்பு அளவுக்கு மீறி உருகுவதால் வருவது இது. படுத்துவிட்ட பிறகு மீட்பது கடினம். கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் புரோபைலீன் கிளைக்காலைக் காலையில் 60 மில்லி, மாலையில் 60 மில்லி வாய் வழியாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவிலும் இதேபோல ஆடு தள்ளாடும், படுக்கும். இரண்டையும் பிரித்தறிந்து ஊசி போடுவது மருத்துவர் வேலை.

மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, சென்னை சிவப்பு போன்ற நம் ஊர் இனங்கள் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். மகாராஷ்டிரத்தின் பல்தானில் உருவான நாரி சுவர்ணா போல இரட்டை ஈனும் ஆடுகளை வாங்கியவர்கள் மேலே சொன்ன தீவனத்தில் துளியும் குறைக்கக் கூடாது.

ஊசியும் புழு மருந்தும்

துள்ளுமாரி (குடலில் நஞ்சு உண்டாக்கும் நோய்), இரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசிகளை ஈனுவதற்கு 3, 4 வாரம் முன்பு சினை ஆட்டுக்குப் போட்டால், எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். மழைக்காலத்தில் வரும் நீலநாக்கு நோய் சினை ஆட்டில் குட்டியைக் கலைத்துவிடும். அதைப் பரப்புவது சேற்றிலும் ஈரச் சாணத்திலும் பெருகும் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறிய கொசு போன்ற பூச்சி. தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். அந்தி நேரத்தில் நொச்சி, வேப்பிலை புகைமூட்டம் போடுவதும் பலன் தரும். ஆனால் குட்டிகள் இருக்கும் கொட்டகைக்குள் புகை தேங்க விடாதீர்கள்.

ஈனும் நாட்களை ஒட்டித் தாயின் எதிர்ப்புச் சக்தி குறைவதால் வயிற்றுப் புழு பல மடங்கு முட்டையிடும். கண் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய சவ்வு வெளிறிக் கிடந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது. எந்த மருந்து என்பதைச் சினை எத்தனை மாதம் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அல்பெண்டசோலைச் சினையின் தொடக்கத்தில் கொடுத்தால் குட்டி ஊனமாகும்.

கொட்டகை

ஈனும் ஆட்டுக்கு 4 அடிக்கு 4 அடி தடுப்பு ஒன்று வேண்டும். 10 சினை ஆட்டுக்கு ஒரு தடுப்பு என்ற கணக்கில் வைத்தால் போதும். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தைத் தரையிலிருந்து 3 அடி உயரம் வரை சாக்கு அல்லது தார்ப்பாயால் மறைத்துவிட்டு, மேலே காற்றுப் போக இடம் விடுங்கள். முழுக்க மூடினால் மூத்திர நெடி தேங்கிக் குட்டிக்குச் சளி பிடிக்கும். தரையில் சுண்ணாம்புத் தூள் தூவி, மேலே நான்கு விரற்கடை கனத்துக்கு வைக்கோல் அல்லது கடலைத்தோல் பரப்புங்கள். மரத்தூள் வேண்டாம், ஈரத் தொப்புளில் அப்பிக்கொள்ளும். பரண் கொட்டகையாக இருந்தால் பலகை இடைவெளியில் குட்டியின் கால் சிக்கும். முதல் ஒரு வாரம் சாக்கு விரித்து வையுங்கள். கீழிருந்து வரும் குளிர்காற்றையும் அது தடுக்கும்.

தென்மாவட்டங்களில் கிடை போடுகிறவர்கள் குட்டிகளைக் கொடாப்புக்குள், அதாவது கவிழ்த்து வைக்கும் பெரிய கூடைக்குள், அடைப்பார்கள். மழை நாளில் கொடாப்பின் மேல் தார்ப்பாய் போட்டு, அடியில் மேடான இடம் பார்த்து வைக்கோல் போட்டால் அதுவே நல்ல குட்டி வீடு.

கையோடு ஒரு டப்பாவில் இவை இருக்க வேண்டும்: டிங்சர் அயோடின், வாய் அகன்ற சிறு குப்பி, கையுறை, லிக்விட் பாரஃபின் அல்லது சுத்தமான தேங்காய் எண்ணெய், 2 அடி நீளத்தில் கொதிக்க வைத்த பருத்திக் கயிறு இரண்டு, டிஜிட்டல் வெப்பமானி, பழைய துண்டுகள், 60 மில்லி சிரிஞ்ச், 10ஆம் எண் குழந்தை உணவுக் குழாய், நிப்பிள் பாட்டில், டார்ச்சு. தமிழ்நாட்டில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்க 1962. பகலிலேயே உங்கள் ஊர் கால்நடை மருத்துவரின் எண்ணையும் வாங்கி வையுங்கள்.

ஈனும் நேரம்

மடி கனக்கும், வால் அடி தளரும், இடுப்பின் இரு பக்கமும் பள்ளம் விழும். ஆடு தனியே போய்த் தரையைக் காலால் பறிக்கும், படுத்து எழும். இந்த நிலை பல மணி நேரம் நீடிக்கலாம், தொந்தரவு செய்யாதீர்கள். பிறகு தண்ணீர்க்குடம் வெளியே தெரியும். அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். குடம் உடைந்து, ஆடு நன்றாக முக்கியும் அரை மணி நேரத்தில் எதுவும் தெரியாவிட்டால் கை விட்டுப் பார்க்க வேண்டும். தலைச்சன் ஆட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கலாம்; ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

சரியாக வரும் குட்டி நீச்சலடிப்பதுபோல் வரும்: முன்னங்கால் இரண்டும் நீட்டி, அதன்மேல் மூக்கு. குளம்பின் அடிப்பாகம் தரையைப் பார்த்திருக்கும். குளம்பின் அடிப்பாகம் வானத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அது பின்னங்கால். உறுதி செய்ய, காலின் மூட்டுகளைத் தடவிப் பாருங்கள். குளம்புக்கு மேலுள்ள மூட்டும் அடுத்த மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால். எதிரெதிர்ப் பக்கம் மடங்கினால் பின்னங்கால். மற்றதெல்லாம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்துத்தான். இறந்துபோன ஆட்டுக்குட்டியின் காலையோ, உயிரோடிருக்கும் பெரிய குட்டியின் காலையோ கண்ணை மூடித் தடவிப் பழகிக்கொள்ளலாம்.

நகத்தை வெட்டி, மோதிரம் வளையலைக் கழற்றி, சோப்பால் முழங்கை வரை கழுவி, ஆட்டின் பின்புறத்தையும் இளஞ்சிவப்பாகக் கலந்த பொட்டாசியம் பர்மாங்கனேட் தண்ணீரில் கழுவுங்கள். கையுறை மேல் எண்ணெய் நிறையத் தடவி, விரல்களைக் குவித்து மெதுவாக நுழையுங்கள். வீட்டில் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஆட்டில் குட்டியைக் கலைக்கும் சில கிருமிகள் மனிதக் கருவையும் கலைக்கும்.

ஒரு கால் மடங்கிக் கிடந்தால்: ஆடு முக்காத நேரம் பார்த்துக் குட்டியைச் சற்று உள்ளே தள்ளுங்கள். மடங்கிய காலின் குளம்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டு முன்னால் கொண்டுவாருங்கள். குளம்பை மூடாமல் இழுத்தால் கருப்பை கிழியும்.

தலை பின்னால் திரும்பியிருந்தால்: இரண்டு கால் மட்டும் தெரிந்து மூக்கு வராது. காலைப் பிடித்து இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. தலை இன்னும் மடங்கும். கால்களில் கயிற்றைக் கட்டிவிட்டு, குட்டியை உள்ளே தள்ளி, தாடையைக் கையில் ஏந்தித் திருப்புங்கள். தலை நழுவினால் காதுக்குப் பின்னால் கயிற்றைப் போட்டு வாய்க்குள் வருமாறு சுருக்கலாம். கழுத்தில் மட்டும் சுருக்குப் போடாதீர்கள்.

பின்னங்கால் இரண்டும் வந்தால் அப்படியே இழுக்கலாம், திருப்ப வேண்டாம். ஆனால் இடுப்பு வெளியே வந்ததும் தாமதிக்கக் கூடாது. தொப்புள்கொடி நசுங்கி, தலை உள்ளே இருக்கும்போதே குட்டி மூச்சிழுத்துத் தண்ணீரைக் குடித்துவிடும். வால் மட்டும் தட்டுப்பட்டால் பின்னங்கால்கள் இரண்டும் முன்னால் நீட்டிக் கிடக்கின்றன. அனுபவம் இல்லாதவர்கள் மருத்துவரை அழைப்பதே சரி. மூன்று கால் தட்டுப்பட்டால் இரட்டை. எந்தக் கால் எந்தக் குட்டியுடையது என்று தோள் வரை தடவி உறுதி செய்த பிறகே இழுக்க வேண்டும்.

இழுப்பது ஆடு முக்கும்போது மட்டும், அதுவும் கீழ்நோக்கி, ஆட்டின் பின்னங்கால் முட்டியைப் பார்த்து. ஆடு நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். 15, 20 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் கையை எடுத்துவிட்டு மருத்துவருக்குப் போங்கள். வாய் திறக்காத கருப்பையில், இரண்டு விரல் மட்டும் நுழையும் இறுகிய வளையம் தட்டுப்படும். அதைப் பலத்தால் விரிக்க முயன்றால் தாயும் போய்விடும்.

முதல் ஒரு மணி நேரம்

1. மூக்கையும் வாயையும் துடைத்துச் சளியை எடுங்கள். மூச்சு வரவில்லையென்றால் ஒரு வைக்கோல் துரும்பை மூக்கினுள் விட்டுக் கிளறுங்கள்; தும்மி மூச்சிழுக்கும். சாக்கால் மார்பை அழுத்தித் தேயுங்கள்.

2. குட்டியைத் தாயின் மூக்குக்கு நேராகப் போடுங்கள். தாய் நக்கினால்தான் குட்டியின் வாசனை அதற்குப் பதியும். மழையும் குளிரும் கடுமையாக இருந்தால் நீங்களும் துண்டால் துவட்டுங்கள். தலைப்பகுதியைத் தாய்க்கு விட்டுவிடுங்கள்.

3. தொப்புள்கொடி நீளமாக இருந்தால் மூன்று விரற்கடை விட்டு நறுக்குங்கள். குப்பியில் டிங்சர் அயோடினை ஊற்றி, கொடி அடிவரை முங்கும்படி வயிற்றோடு சேர்த்துக் கவிழ்த்துப் பிடியுங்கள். பஞ்சால் தொட்டு வைப்பது போதாது. அன்று மாலை இன்னொரு முறை. அதைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினால் ஈ மொய்க்காது. இதைத் தவறவிட்ட குட்டிக்கு இரண்டாம் வாரத்தில் முழங்கால் வீங்கி நொண்டும். அப்போது மருந்து கொடுத்தாலும் பல நேரம் பலன் இல்லை.

4. தாயின் இரு காம்பையும் ஒரு முறை பீய்ச்சுங்கள். நுனியில் மெழுகு போன்ற அடைப்பு இருக்கும். பலமில்லாத குட்டியால் அதை உறிஞ்சித் திறக்க முடியாது.

5. சீம்பால். எடைக்குக் கிலோவுக்கு 50 மில்லி வீதம் முதல் 2 மணி நேரத்துக்குள் போக வேண்டும். இரண்டரைக் கிலோ குட்டிக்கு 125 மில்லி. முதல் நாள் முழுக்கச் சேர்த்து 500 மில்லி. 6 மணி நேரத்துக்குப் பிறகு குடல் அந்த எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சுவது வேகமாகக் குறையும். ஒரு நாளில் நின்றேவிடும்.

குடித்ததா என்று அறிய அதன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்த குட்டி எழும்போது முதுகை நெளித்துச் சோம்பல் முறிக்கும். பட்டினிக் குட்டி முதுகைக் கூனிக்கொண்டு நாலு காலையும் ஒன்றாகச் சேர்த்து நிற்கும், வயிறு ஒட்டியிருக்கும். தாய்க்கு அடியில் நின்று முட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வைத்துக் குடிக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

தாய்க்குச் சீம்பால் இல்லையென்றால் அதே நாளில் ஈன்ற வேறு செம்மறி, இல்லாவிட்டால் வெள்ளாடு, அதுவும் இல்லையென்றால் மாட்டுச் சீம்பால். மாட்டுச் சீம்பாலை ஒரே மாட்டிலிருந்து எடுக்காமல் இரண்டு மூன்று மாட்டுடையதைக் கலந்து கொடுங்கள். சில மாடுகளின் சீம்பால் ஆட்டுக்குட்டிக்கு இரத்தச்சோகை உண்டாக்கும். உபரிச் சீம்பாலை 100 மில்லி பைகளாக உறைய வைத்தால் பருவம் முழுக்க உதவும். கைபொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் பையை வைத்து உருக்குங்கள். அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும்.

சில்லிட்ட குட்டி

விரலைக் குட்டியின் வாய்க்குள் விடுங்கள். வாய் குளிர்ந்திருந்தால் உடனே வெப்பமானியை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள்.

102 முதல் 104 வரை: சரி. 99க்கு மேல் 102க்குக் கீழே: துவட்டி, சீம்பால் கொடுத்து, காற்றுப் படாத இடத்தில் தாயோடு விடுங்கள், அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள்.

99க்குக் கீழே போய்விட்டால் குட்டியின் வயதைப் பார்க்க வேண்டும். பிறந்து 5 மணி நேரத்துக்குள் என்றால் முதலில் துவட்டி, சூடேற்றி, 99ஐத் தாண்டியதும் சீம்பால். 5 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் உடம்பில் சர்க்கரை தீர்ந்திருக்கும். அந்த நிலையில் வெறுமனே சூடேற்றினால் குட்டி வலிப்பு வந்து சாகும். தலை தூக்க முடிகிற குட்டிக்கு முதலில் குழாய் வழியாகச் சீம்பால், பிறகு சூடு. தலை தொங்கிப்போன குட்டிக்கு வாய் வழியாக எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அதற்கு மருத்துவர் வயிற்றறைக்குள் 20 சதவீதக் குளுக்கோஸை உடல்சூட்டில் போடுவார், கிலோவுக்கு 10 மில்லி. அதன் பிறகே சூடேற்ற வேண்டும்.

சூடேற்ற, மீன் கொண்டுவரும் தெர்மாகோல் பெட்டியில் வைக்கோல் போட்டு, வெந்நீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வையுங்கள். பல்பு தொங்கவிட்டால் 100 வாட் மஞ்சள் குண்டு பல்புதான் வேண்டும். எல்இடி சூடு தராது. குட்டிக்கு மேலே 2 அடி உயரத்தில், கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஒயரை மட்டும் நம்பித் தொங்கவிட்டு வைக்கோலில் விழுந்தால் கொட்டகையே எரியும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை சூட்டைப் பார்த்து, 101 வந்ததும் எடுத்துத் தாயிடம் விடுங்கள்.

குழாய் போடுவது: குட்டியை மடியில் நிமிர்த்தி வைத்து, மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா வரை குழாயை அளந்து பேனாவால் குறியுங்கள். வாயின் ஓரமாக, நாக்கின் மேல் விட்டால் விழுங்கிக்கொண்டே உள்ளே போகும். இருமினால் வெளியே எடுங்கள். குறி வரை போனதும் வெளி முனையைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். மூச்சுக்கு மூச்சு குமிழி வந்தால் குழாய் மூச்சுக்குழலில் இருக்கிறது. இல்லையென்றால் பிஸ்டன் இல்லாத சிரிஞ்சைப் பொருத்திப் பாலைத் தானாக இறங்க விடுங்கள். எடுக்கும்போது குழாயை மடித்துப் பிடித்து எடுக்க வேண்டும். மழைக்கு முன் ஒரு நாள் மருத்துவர் முன்னிலையில் செய்து பழகுங்கள். புத்தகத்தைப் பார்த்து நடுராத்திரியில் கற்கும் வேலை இது இல்லை.

தாய் ஏற்காத குட்டியும், தாயில்லாத குட்டியும்

தலைச்சன் ஆடு முட்டித் தள்ளினால் தடுப்புக்குள் தாயைக் கழுத்தில் கட்டி, ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை பிடித்து ஊட்ட விடுங்கள். பெரும்பாலும் 2, 3 நாளில் ஏற்றுக்கொள்ளும். முதலில் மடியைப் பாருங்கள். ஒரு பக்கம் கல்லாக, சூடாக இருந்தால் மடிநோய், வலியால்தான் உதைக்கிறது.

குட்டி இறந்த ஆட்டுக்கு அநாதைக் குட்டியைப் பழக்க, இறந்த குட்டியின் தோலை உரித்துச் சட்டைபோல் மாட்டி விடலாம். 2 நாளில் எடுத்துவிட வேண்டும். இப்போதுதான் ஈனுகிற ஆடாக இருந்தால் அதன் குடத்து நீரை அநாதைக் குட்டியின் மேல் பூசி, முன்னால் போட்டாலே போதும்.

பாட்டில் குட்டிக்கு மாட்டுப்பாலோ வெள்ளாட்டுப்பாலோ, தண்ணீர் கலக்காமல், தினம் கிலோவுக்கு 150 முதல் 200 மில்லி. முதல் வாரம் 5 வேளை. மல்லாக்க வைத்து ஊட்டாதீர்கள். நின்றபடி, தலை சற்றே உயர்ந்திருக்க வேண்டும். பாட்டிலைத் தினமும் வெந்நீரில் போடாவிட்டால் கழிச்சல் பிடிக்கும். கழிச்சல் கண்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து அடிக்கடி கொடுங்கள். பாலை முழுக்க நிறுத்த வேண்டாம்.

ஈன்ற தாய்

இளஞ்சூட்டு வெல்லத் தண்ணீர், நல்ல உலர்தீவனம் போதும். நஞ்சுக்கொடி 6 மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். 12 மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கையால் இழுப்பதோ, கல்லையோ செருப்பையோ கட்டித் தொங்கவிடுவதோ கூடாது. கருப்பை கிழியும், புண்ணாகும், சில நேரம் கருப்பையே வெளியே வந்துவிடும். அடிதள்ளி வந்துவிட்டால் குளிர்ந்த நீரில் கழுவி, மேலே சர்க்கரை தூவி, ஈரத்துணியால் சுற்றிப் பிடித்தபடி மருத்துவருக்குக் காத்திருங்கள். சர்க்கரை நீரை இழுத்து வீக்கத்தைக் குறைக்கும்.

விழுந்த நஞ்சையும், கலைந்த குட்டியையும் கையுறையோடு எடுத்து, 4 அடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாய்க்குப் போட்டால் நோய் பட்டியைச் சுற்றி வரும். ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டுக்குக் கலைந்தால் தற்செயல் என்று விடாதீர்கள். மாதிரி எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

வெளியே விடுவது

தாயும் குட்டியும் தடுப்பில் 2, 3 நாள் இருந்தால் போதும். மழை விட்ட காலையில் பனி காயும் முன் மேய விடாதீர்கள். மழைக்குப் பின் தளிர்க்கும் புல்லை வயிறு முட்டத் தின்றால் துள்ளுமாரி வரலாம். மந்தையில் நன்றாகக் கொழுத்த குட்டிதான் முதலில் துள்ளி விழுந்து சாகும். தடுப்பூசி போட்ட தாயின் குட்டிக்கு 3 மாதத்தில் முதல் ஊசி, 2, 3 வாரம் கழித்து இன்னொன்று.

கிடா சேர்ந்த தேதி எழுதிய அதே நோட்டில் ஈன்ற நாள், குட்டி எடை, கை கொடுக்க வேண்டியிருந்ததா, தாய் ஏற்றதா, பால் இருந்ததா என்று ஆட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள். இரண்டு ஈற்றிலும் குட்டியைத் தள்ளிய ஆட்டையும், மடி ஒரு பக்கம் செத்த ஆட்டையும் அடுத்த கிடா சேர்க்கைக்கு முன் விற்றுவிடலாம்.